யாழ்ப்பாணம் வந்து வழி கண்டவர்: பேராயர் அசரியாவின் வாழ்வும் எமது சபைகளும்

புலம்பெயர்ந்த நாடுகளில் எமது தமிழ்ச் சபைகளில் பல இன்னமும் வேறொரு சபையின் கட்டடத்தில்தான் கூடுகின்றன. காலை ஆராதனையை அந்த நாட்டவர்கள் முடித்துப் போன பிறகு, மதியத்துக்குப் பின் நாம் கதவைத் திறக்கிறோம். இந்த நிலையில் இருபது முப்பது வருடங்கள் ஓடிய பிறகு எல்லா இடத்திலும் ஒரே கேள்விகள் எழுகின்றன. சொந்தமாக ஒரு ஆலயம் வாங்குவதா? ஊரிலிருந்து போதகரை அழைப்பதா, இங்கே வளர்ந்த பிள்ளை ஒருவரைப் படிக்க அனுப்புவதா? பிள்ளைகளுக்கு எந்த மொழியில் ஆராதனை நடத்துவது? வன்னியில் உள்ள சபைக்கு அனுப்பும் பணத்தை யார் முடிவு செய்வது?

கூட்டம் ஜெபத்தோடு தொடங்குகிறது. முடியும்போது இரு தரப்பும் ஆண்டவர் தங்களுக்கே வழி காட்டினார் என்று சொல்லிக்கொண்டு வெளியே வருகின்றன. சில மாதங்களில் ஒரு சபை இரண்டாகிறது. பிரிந்து போனவர்களும் மறுபடி ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, மறுபடி ஜெபத்தோடு தொடங்குகிறார்கள். இதை நாம் எல்லோரும் ஏதோ ஒரு நகரத்தில் கண்டிருக்கிறோம்.

தேவ வழிநடத்துதல் என்பது என்ன? அது தனி ஒருவரின் மனத்துக்குள் கேட்கும் குரல் மாத்திரமா? பலர் சேர்ந்து செய்யும் ஊழியத்தில் அதை எப்படி அறிவது? இந்தக் கேள்விகளுக்கு விளக்கம் எழுதுவதை விட, அவற்றோடு ஐம்பது வருடம் வாழ்ந்த ஒருவரின் கதையைச் சொல்வது நல்லது என்று நினைக்கிறோம். அவர் ஒரு தமிழர். அவருடைய வாழ்வின் பெரிய திருப்பம் யாழ்ப்பாணத்தில் நடந்தது. ஆனால் எமது பிள்ளைகளில் பலர் அவருடைய பெயரையே கேள்விப்பட்டதில்லை.

பனைமரத்து ஊரில் பிறந்த பிள்ளை

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874 ஆகஸ்ட் 17ஆம் திகதி திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளை என்ற கிராமத்தில் பிறந்தார். செம்மண் தேரியும் பனைமரமும் நிறைந்த பகுதி அது. பனையேறி வாழ்ந்த நாடார் சமூகத்தில் பெருந்தொகையானோர் அந்த நூற்றாண்டில் கிறிஸ்தவர்களானார்கள். அசரியாவின் தந்தை தோமஸ் வேதநாயகமும் இந்துக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரானவர். பின்னர் குருவானவராகி அந்தக் கிராமத்துச் சபையை நடத்தினார். தாயார் எலன் ஜெபத்தில் ஊறியவர், கண்டிப்பானவர். நெடுங்காலம் காத்திருந்து பெற்ற மகனுக்கு வேதாகமத்து அன்னாளின் பிள்ளையைப் போலச் சாமுவேல் என்று பெயர் வைத்தார்கள்.

பதினைந்து வயதில் அசரியா தந்தையை இழந்தார். அதன் பிறகு குடும்பத்தின் கண்டிப்பும் அன்பும் தாயிடமிருந்தே வந்தன. மிஷன் பள்ளிகளில் படித்து, பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனார். பள்ளி நாட்களிலேயே மாணவர்களிடையே இருந்த சாதிப் பிரிவினைக்கு எதிராக ஒரு சிறு சங்கம் அமைத்தார். கிறிஸ்தவப் பிள்ளைகள் ஒரே பள்ளியில் படித்தும் சாதி பார்த்துத் தள்ளி உட்கார்ந்த காலம் அது.

கல்லூரியின் இறுதிப் பரீட்சை வந்தபோது நோயில் விழுந்தார். பட்டம் கிடைக்கவில்லை. எமது வீடுகளில் ஒரு பிள்ளைக்கு இப்படி நேர்ந்தால் என்ன பேச்சு எழும் என்று எமக்குத் தெரியும். 1895இல் அவர் வை.எம்.சி.ஏ. இயக்கத்தில் செயலாளராகச் சேர்ந்தார். பட்டம் பெற்று அரசாங்க வேலைக்குப் போயிருந்தால் அவருடைய பெயரை இன்று நாம் எழுதிக்கொண்டிருக்க மாட்டோம்.

அடுத்த வருடம் ஷேர்வுட் எடி என்ற அமெரிக்க இளைஞர் இந்தியாவுக்கு வந்தார். எடி தமிழ் கற்றுக்கொண்டார். இருவரும் சேர்ந்து ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கித்தார்கள். ஆளும் இனத்தவரும் ஆளப்படும் இனத்தவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதே அரிதாக இருந்த நாட்களில் அவர்கள் நண்பர்களானார்கள். அந்த நட்பு சாகும்வரை நீடித்தது. பின்னர் அசரியா உலக மேடையில் சொன்ன ஒரு கசப்பான உண்மைக்கு இந்த நட்பே அடித்தளம்.

1898இல் அன்பு மாரியம்மாளை மணந்தார். தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் கல்லூரிப் படிப்பை எட்டிய முதற் சிலரில் அன்பு ஒருவர். சீதனம் வாங்காமல், ஆடம்பரம் இல்லாமல் நடந்த கல்யாணம் அது. பின்னாளில் தெலுங்கு நாட்டில் பெண்களிடையே நடந்த ஊழியத்தின் பெரும்பகுதி அன்புவின் தோளிலே இருந்தது.

1902: யாழ்ப்பாணத்தில் கண்டது

இருபத்தெட்டாவது வயதில் அசரியா யாழ்ப்பாணம் வந்தார். அமெரிக்க மிஷன் 1816இலேயே யாழ்ப்பாணத்தில் கால் வைத்திருந்தது. வட்டுக்கோட்டையில் செமினரி, பின் யாழ்ப்பாணக் கல்லூரி, உடுவில் பெண்கள் பாடசாலை, மானிப்பாய் வைத்தியசாலை என்று பல தலைமுறைகளின் உழைப்பு அங்கே இருந்தது. அசரியாவை உலுக்கியது அந்தக் கட்டடங்கள் அல்ல. யாழ்ப்பாணத்து மாணவர்கள் தங்களுக்குள் ஒரு மிஷனரிச் சங்கம் அமைத்து, தங்கள் காசில், பாக்கு நீரிணைக்கு அப்பால் தொண்டிப் பகுதிக்குத் தங்களுடைய ஊழியரை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதுதான் அவரை நிறுத்தியது.

தொண்டி இருப்பது இராமநாதபுரக் கடற்கரையில், அசரியாவின் சொந்த நாட்டில். திருநெல்வேலிச் சபைகள் யாழ்ப்பாணத்தை விடத் தொகையில் பன்மடங்கு பெரியவை; ஒரு நூற்றாண்டைத் தாண்டியவை. அவை இன்னமும் இங்கிலாந்திலிருந்து வரும் பணத்தையும் ஆளையும் எதிர்பார்த்திருந்தன. சின்னஞ்சிறு யாழ்ப்பாணமோ கடல் தாண்டி ஆள் அனுப்புகிறது. தன் ஊரைப் பற்றி அவருக்குள் எழுந்த வெட்கம் அவரை விடவில்லை.

வழிநடத்துதல் அவருக்கு எந்த வடிவத்தில் வந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். கனவு கண்டதாகவோ வானத்தில் எழுத்தைக் கண்டதாகவோ அவருடைய கதையில் இல்லை. அயலவர் செய்துகொண்டிருந்த ஒரு காரியத்தைக் கண்ணால் கண்டார். இதை ஏன் நாம் செய்யவில்லை என்ற கேள்வி எழுந்தது. அந்தக் கேள்வியை அவர் சுமந்துகொண்டு ஊருக்குத் திரும்பினார்.

திரும்பியவர் தனியாக எதையும் தொடங்கவில்லை. குருமாரோடும் நண்பர்களோடும் பேசினார், ஜெபித்தார், மறுபடி பேசினார். 1903 பெப்ரவரி 12ஆம் திகதி பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் உருவானது. ஊழியர் இந்தியர், பணம் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியருடையது என்பது அதன் அடிப்படை. ஏற்கெனவே சபை உள்ள இடத்தில் இன்னொரு சபை கட்டுவதில்லை என்று, யாரும் போகாத இடத்தைத் தேடினார்கள். ஐதராபாத் நிஜாமின் ஆட்சியில் இருந்த மானுகோட்டா, தோர்ணக்கல் பகுதி தெரிவானது. அங்கே பேசப்பட்டது தெலுங்கு. திருநெல்வேலித் தமிழருக்கு அது அந்நிய மொழி, அந்நிய ஆட்சி, அந்நியச் சாப்பாடு.

1905 கிறிஸ்மஸ் நாளில் கல்கத்தாவுக்கு அருகே செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் தொடங்கியது. பல மாகாணங்களையும் பல சபைப் பிரிவுகளையும் சேர்ந்த இந்தியக் கிறிஸ்தவர்கள் அதில் கூடினார்கள். சேலத்தைச் சேர்ந்த கே.டி. பால் போன்றோரோடு அசரியா அதன் முதுகெலும்பாக நின்று, அதன் முதல் பொதுச் செயலாளருமானார். முப்பத்தொரு வயதில் நாடறிந்த பெயர். வண்டியேறி ஊர் ஊராகப் போய், இளைஞரை ஊழியத்துக்கு வாருங்கள் என்று அழைப்பது அவருடைய வேலை.

அழைத்தவரே போனார்

இங்கேதான் இரண்டாவது திருப்பம். மற்றவர்களைப் போகச் சொல்லிக்கொண்டே தான் போகாமல் இருக்கலாமா என்ற கேள்வி அவரை நெருக்கியது. எந்தச் சங்கத்திலும் இந்தக் கேள்வி சங்கடமானது. தலைவர் தலைமையகத்தில் இருக்க வேண்டும், போகிறவர் போக வேண்டும் என்று சொல்லித் தப்புவதற்கு வழி உண்டு. அசரியா தப்பவில்லை. 1909இல் செயலாளர் பதவியை விட்டு, திருப்பணிக்கு அபிஷேகம் பெற்று, மனைவி பிள்ளைகளோடு தோர்ணக்கலுக்குப் போனார். முப்பத்தைந்து வயதில் தெலுங்கு அரிச்சுவடியிலிருந்து தொடங்கினார்.

தோர்ணக்கல் அப்போது ஒரு ரயில் சந்தி. சுற்றிலும் காடும் வறண்ட நிலமும். மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் கிராமங்களுக்குப் போய், கூடாரத்தில் தங்கி, மரத்தடியில் பேசினார். நடு வயதில் புதிய நாட்டுக்குப் போய், பிள்ளைகளை விடச் சிரமப்பட்டு மொழி கற்று, தெரிந்தவர் யாருமில்லாத இடத்தில் வாழ்வைத் தொடங்குவது எப்படி இருக்கும் என்பதை எமது வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. நாம் துரத்தப்பட்டு வந்தோம். அவர் தானாகப் போனார். அந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது. ஆனால் நாற்பதை நெருங்கும் நாக்கில் புதிய மொழி புரளும் சிரமம் இருவருக்கும் ஒன்றுதான்.

1910இல் ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பிரதிநிதிகளில் ஆசியர் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. அசரியாவுக்குப் பேச ஒரு மாலை கிடைத்தது. அனுப்பியவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்கியிருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும். அவர் நன்றியும் சொன்னார். அதோடு, வெள்ளை மிஷனரிகள் இந்திய ஊழியரை எசமானர் வேலைக்காரரை நடத்துவது போல நடத்துகிறார்கள் என்பதையும் சொன்னார். தியாகத்தையும் தானத்தையும் பெற்றுக்கொண்ட தம் மக்களுக்கு இனி வேண்டியது நட்பு என்று கேட்டார். மண்டபத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். ஷேர்வுட் எடியோடு பல வருடம் ஒரே கூரையின் கீழ் ஊழியம் செய்த அவருக்கு, நட்பு நடக்கக்கூடியது என்று தெரிந்திருந்தது. அதனால்தான் அதைக் கேட்க முடிந்தது. அந்தப் பேச்சு ஒரு நூற்றாண்டு கடந்தும் நினைக்கப்படுகிறது.

பேராயர் பதவியும் எதிர்ப்பும்

அசரியாவைப் பேராயராக்க வேண்டும் என்று சென்னைப் பேராயர் ஹென்றி வைட்ஹெட் முனைந்தார். ஆங்கிலிக்கன் சபையில் அதுவரை இந்தியர் எவரும் பேராயரானதில்லை. எதிர்ப்பு இரண்டு பக்கமிருந்தும் வந்தது. ஒரு இந்தியரின் கீழ் வெள்ளை மிஷனரிகள் எப்படி வேலை செய்வது என்று ஒரு தரப்பு கேட்டது. அதை விடக் கசப்பானது மறுதரப்பு. தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே, ஒரு நாடார் எமக்குப் பேராயரா என்று முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். எமது சமூகத்தின் இந்தப் பழைய நோயைப் பற்றி நாம் வேறு எங்கும் தேடிப் படிக்க வேண்டியதில்லை.

இழுபறி நீண்டது. கடைசியில் வெள்ளை மிஷனரிகள் அதிகம் இல்லாத ஒரு சிறிய மறைமாவட்டமாகத் தோர்ணக்கலை அமைத்து, அதற்கு அவரைப் பேராயராக்குவது என்று முடிவானது. 1912 டிசம்பர் 29ஆம் திகதி கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அபிஷேகம் நடந்தது. அரைகுறையாகக் கொடுக்கப்பட்ட இடம்தான். அதை அவமானமாக எடுத்து மறுத்திருக்கலாம். அவர் ஏற்றுக்கொண்டு, அந்தச் சிறிய இடத்தில் வேலையைத் தொடங்கினார். சில வருடங்களில் மறைமாவட்டம் தெலுங்கு நாட்டின் பெரும்பகுதிக்கு விரிந்தது. எதிர்த்த மிஷன்களின் பகுதிகளும் அதற்குள் வந்தன. இருந்தும் 1945இல் அவர் இறக்கும்வரை இந்தியாவில் மறைமாவட்டம் ஒன்றை நிர்வகித்த ஒரேயொரு இந்திய ஆங்கிலிக்கன் பேராயராக அவரே இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். திறந்த கதவு முழுக்கத் திறக்கவில்லை.

அவரிடம் வந்தவர்கள் பெரும்பாலும் மாலா, மாதிகா என்ற இரு ஒடுக்கப்பட்ட சாதியினர். நிலமில்லை, எழுத்தில்லை, கடன் கழுத்துவரை. அழுக்கு, நோய், கடன், குடி என்ற நான்கையும் நான்கு பேய்கள் போல எண்ணி அவற்றோடு போராடினார். ஞானஸ்நானத்துக்கு முன் நீண்ட காலம் போதனை, ஊருக்கு ஒரு ஆசிரியர், இரவுப் பள்ளி, கூட்டுறவுச் சங்கம், மருந்தகம் என்று வேலை நடந்தது. காணிக்கை விடயத்தில் கண்டிப்பானவர். ஏழைகள்தானே என்று விட்டுவிடவில்லை. சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைக்கப் பெண்கள் பழகினார்கள். வாங்குகிறவர்களாகவே இருக்கும் சபை நிமிராது என்று அவர் நம்பினார். 1930களில் அந்த மறைமாவட்டத்தில் இரண்டு இலட்சத்தை எட்டிய கிறிஸ்தவர்களும், இந்தியக் குருமார் நூற்றுக்கு மேற்பட்டோரும், ஆயிரக்கணக்கில் கிராம ஆசிரியர்களும் இருந்தார்கள். ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரும் தன் கையைத் தன் தலையில் வைத்து, சுவிசேஷத்தைச் சொல்வது தன் கடமை என்று உறுதிமொழி எடுப்பது அங்கே வழக்கம்.

எல்லாம் சுமுகமாக நடக்கவில்லை. மாலாவும் மாதிகாவும் ஒருவரோடு ஒருவர் சேர்ந்து சாப்பிட மறுத்தார்கள். ஒரே பாத்திரத்தில் நற்கருணை எடுப்பதிலும் சண்டை வந்தது. ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளும் மேல் கீழ் இருந்தது. ஞானஸ்நானம் பெற்றவர் ஒரே பந்தியில் உட்கார வேண்டும் என்பதில் அசரியா இறங்கி வரவில்லை. அவருடைய கண்டிப்பு சிலருக்குக் கசந்தது. மறைமாவட்டத்துக்குள் அவருக்கு எதிரான குரல்களும் எழுந்தன. மதமாற்றம் குறித்துக் காந்தியடிகளோடு 1930களில் கடுமையான கருத்து வேறுபாடு வந்தது. அதே அசரியா, கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி வேண்டும் என்ற ஏற்பாட்டை எதிர்த்தார். தனித் தொகுதியால் தன் சமூகத்துக்கு ஆசனங்கள் கிடைக்கும் என்று தெரிந்தும், அது கிறிஸ்தவர்களை நாட்டிலிருந்து பிரித்துவிடும் என்று எண்ணினார். தனக்கு லாபமானது எதுவோ அதுவே தேவ சித்தம் என்று கொள்ளாத மனம் அது.

தோர்ணக்கலில் அவர் கட்டிய பேராலயத்தை முடிக்க இருபது வருடங்களுக்கு மேல் எடுத்தது. பணம் வந்தபோது கட்டினார்கள், இல்லாதபோது நிறுத்தினார்கள். கோயில் மண்டபத்தின் தூண்களும் பள்ளிவாசலின் கும்மட்டமும் கோபுரங்களும் சேர்ந்த தோற்றம். 1939 ஜனவரி 6ஆம் திகதி அது பிரதிஷ்டை செய்யப்பட்டது. ஆலயம் இல்லாத அந்த வருடங்களில் மறைமாவட்டம் வளராமல் இருக்கவில்லை. சொந்தக் கட்டடத்துக்காகக் கடன் பட்டு, அந்தக் கடனாலேயே உடைந்து போன சபைகளை அறிந்த எமக்கு இது யோசிக்க வேண்டிய செய்தி.

காணாமல் போன நாள்

அசரியாவின் கடைசி இருபத்தைந்து வருடங்களை எடுத்துக்கொண்ட வேலை சபைகளின் ஐக்கியம். 1919 மே 1, 2ஆம் திகதிகளில் தரங்கம்பாடியில் முப்பத்துமூன்று ஊழியர்கள் கூடினார்கள். இருவரைத் தவிர எல்லோரும் இந்தியர். அசரியாவே தலைமை வகித்தார். ஆங்கிலிக்கன் சபையும், தென்னிந்திய ஐக்கிய சபையும் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். ஐக்கிய சபையில் எமது யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் சபைகளும் அங்கம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எழுந்த பிரிவினைகளை இந்தியர் ஏன் சுமக்க வேண்டும் என்பது அவர்களின் கேள்வி. கப்பலில் வந்த பிரிவினைகள் அவை. அவர்கள் உண்டாக்கியவை அல்ல.

அடுத்த வருடம் கூட்டுக்குழு கூடத் தொடங்கியது. 1925இல் மெதடிஸ்ட் சபையும் பேச்சில் சேர்ந்தது. பேராயர்கள் தேவையா, ஏற்கெனவே ஊழியம் செய்கிறவருக்கு மறுபடி அபிஷேகம் செய்ய வேண்டுமா, நற்கருணையை யார் கொடுக்கலாம் என்று வருடக்கணக்கில் விவாதித்தார்கள். குழுவில் பலர் இறந்தார்கள், புதியவர்கள் வந்தார்கள். பலமுறை எல்லாம் முறிந்துபோகும் நிலை வந்தது. அவசரப்பட்டு யாரும் தங்கள் வழியைத் தேவ வழி என்று அறிவித்து எழுந்து போயிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். அசரியா பொறுமையாக உட்கார்ந்திருந்தார்.

1945 ஜனவரி 1ஆம் திகதி தோர்ணக்கலில் அவர் கண் மூடினார். எழுபது வயது. 1947 செப்டம்பர் 27ஆம் திகதி சென்னை தூய ஜோர்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. இரண்டு வருடமும் ஒன்பது மாதமும் குறைந்ததால் அவர் அதைக் காணவில்லை. பேராயர்களைக் கொண்ட சபையும் இல்லாத சபையும் ஒன்றானது உலகத்திலேயே அதுவரை நடக்காத காரியம்.

அந்தத் திருச்சபையின் மறைமாவட்டங்களில் ஒன்று யாழ்ப்பாணம். அதன் முதல் பேராயர் சபாபதி குலேந்திரன். 1902இல் யாழ்ப்பாணத்து மாணவரிடம் ஒரு தமிழ் இளைஞர் பெற்றுக்கொண்டு போனது, நாற்பத்தைந்து வருடம் கழித்து வேறு வடிவத்தில் யாழ்ப்பாணத்துக்கே வந்து சேர்ந்தது. எம்மில் பலருடைய பழைய பெட்டிகளில், இடப்பெயர்வுகளில் ஈரம்பட்டு மடிந்துபோன ஞானஸ்நானச் சான்றிதழ்களில், தென்னிந்தியத் திருச்சபை யாழ்ப்பாண ஆதீனம் என்று இருப்பது இதனால்தான்.

நாம் எடுத்துக்கொள்ளக்கூடியவை

அசரியாவின் வாழ்விலிருந்து ஒரு சூத்திரத்தை எடுத்து எமது நிர்வாகக் கூட்டங்களில் ஒட்டிவிட முடியாது. ஆனால் சில காரியங்கள் திரும்பத் திரும்ப வருவதை நாம் காண்கிறோம்.

முதலாவது, அவருக்கு வழி தெரிந்தது பிறருடைய நல்ல காரியத்தைப் பார்த்தபோது. பக்கத்துத் தமிழ்ச் சபை செய்வதைப் போட்டியாகப் பார்க்கும் பழக்கம் எமக்கு உண்டு. அசரியா யாழ்ப்பாணத்தைப் போட்டியாகப் பார்த்திருந்தால் பாளையங்கோட்டையில் எதுவும் நடந்திராது.

இரண்டாவது, தனக்குத் தோன்றியதை அவர் மற்றவர் கையில் கொடுத்துச் சோதித்தார். யாழ்ப்பாணத்தில் எழுந்த எண்ணம் சங்கமாவதற்கு மாதங்கள் ஆகின, பலருடைய சம்மதம் தேவைப்பட்டது. ஒருவருக்குக் கிடைத்த வெளிச்சத்தைச் சபை கேட்டு, கேள்வி கேட்டு, தாமதப்படுத்தி, மாற்றியும் ஏற்றுக்கொள்ளலாம். தாமதத்தை அவிசுவாசம் என்று திட்டுபவர்கள் தரங்கம்பாடியிலிருந்து சென்னை வரையான இருபத்தெட்டு வருடங்களை எண்ணிப் பார்க்கலாம்.

மூன்றாவது, வழிகாட்டல் கிடைத்தது என்று சொன்னவர் அதன் விலையை முதலில் தானே கொடுத்தார். மற்றவரை அனுப்பிக்கொண்டிருந்தவர் தோர்ணக்கலுக்குத் தானே போனார். ஆலயம் வாங்க வேண்டும் என்று கூட்டத்தில் உரத்துப் பேசுகிறவர் எவ்வளவு கொடுக்கிறார், தமிழ்ப் பாடசாலை வேண்டும் என்று வாதாடுகிறவர் சனிக்கிழமை காலையில் வந்து படிப்பிக்கிறாரா என்று கேட்பது அவமரியாதை அல்ல. நல்ல சோதனை அது.

நான்காவதுதான் எமக்கு மிகக் கடினமானது. யார் தலைவர் என்பதைப் பிறப்பை வைத்துத் தீர்மானிக்கும் சபைக்கு எந்த வழிநடத்துதலும் கேட்காது. அசரியாவை மறுத்த முணுமுணுப்பு கடல் தாண்டி எம்மோடும் வந்திருக்கிறது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் ஒஸ்லோவிலும் ஊர் கேட்டு, பகுதி கேட்டு, தகப்பனார் பெயர் கேட்டு அளக்கிறோம். இங்கே பிறந்த பிள்ளைகள் அதைப் பார்க்கிறார்கள். அவர்கள் சபையை விட்டுப் போவதற்கு மொழி மாத்திரம் காரணம் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம்.

யாழ்ப்பாணத்து மாணவர்கள் ஒரு ஊழியரைத் தொண்டிக்கு அனுப்பியபோது, கடலின் அக்கரையில் ஒரு பேராயரை உருவாக்குகிறோம் என்று அறிந்திருக்க வழியில்லை. இருந்த காசில் செய்யக் கூடியதைச் செய்தார்கள், ஒருவர் வந்து பார்த்தார். எமது அடுத்த நிர்வாகக் கூட்டத்தில், கட்டடத்தைப் பற்றிய விவாதத்துக்கு முன்னே ஒரு கேள்வியை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கலாம்: இந்த வருடம் எமக்கு வெளியே இருக்கும் யாருக்காக நாம் எதைச் செய்தோம்? அதற்குச் சொல்லக்கூடிய பதில் இருந்தால், மற்ற விடயங்களைப் பேசும் தொனியே மாறும்.